டீச்சரம்மா எழுதிய கெட்ட வார்த்தை

ஓசூரில் தளி ரோட்டில் ஒரு சைக்கிள் கடை. அதன் மாடியில் சரோஜம்மாளின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். சிப்காட்டில் கம்பெனிகள் வரத் தொடங்கிய காலத்தில் ராயக்கோட்டையிலிருந்து ஒற்றை மிஷினோடு வந்து இறங்கியவள் அவள். அதற்குப் பிறகு ஓசூர்க் கம்பெனி ஆபீஸ்களில் தட்டச்சு செய்த பெண்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். பள்ளிக்கூடத்தில் அவள் ஒருநாளும் பாடம் நடத்தியதில்லை. இருந்தும் ஊருக்கே அவள் டீச்சர்தான். நடையும் குரலும் அப்படி.

வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம் என்று வளர்ந்தவளுக்குத் தமிழ்மேல் எப்படி அப்படி ஒரு வெறி வந்ததோ தெரியாது. எழுத்தில் ஒரு பிசகு இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை எழுதிய கடிதத்தில் ஒற்று விட்டுப்போயிருந்ததால்தான் அவள் கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். அவளைத் தெரிந்தவர்கள் தாராளமாக நம்பக்கூடிய பொய்.

தொண்ணூற்றொன்பதில், ஆனது ஆகட்டும் என்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கினாள். டெலிபோன் ஒயரை அதில் சொருகி, கீச்சுக் கீச்சென்று அது கத்தி முடித்ததும் உலகம் முழுக்கக் கடிதம் போகும் என்றார்கள். மாடிப்படி அருகே 'இங்கே ஈமெயில் அனுப்பப்படும்' என்று போர்டு வைத்தாள். முதல் நாளே வந்து நின்றவர்கள், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பியிருந்த வீட்டுக்காரர்கள். அவர்களுக்குத் தட்டத் தெரியாது. அவர்கள் சொல்லச் சொல்ல, டீச்சர் இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டிக் கொடுப்பாள். கடிதத்தைத் தட்டிச் சேமித்து வைத்துக்கொண்டு, பிறகுதான் கனெக்‌ஷன் போடுவாள். அதனால் எல்லோருடைய கடிதத்துக்கும் அவளிடம் ஒரு நகல் இருந்தது.

ஒரே ஒரு நிபந்தனைதான். "பேசறது வேற, எழுதறது வேற" என்பாள். நீங்கள் "நல்லாக்கீறோம்" என்று சொன்னால் அது "நலமாக உள்ளோம்" என்றுதான் போகும். "மழ ஊத்துது" என்றால் "நல்ல மழை பெய்கிறது." "ஆனா" என்றால் "ஆனால்." வாயில் வந்ததை அப்படியே எழுதினால் அது கடிதமா, சந்தைக்கடையா என்று கேட்பாள். யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. கடிதம் என்றால் கொஞ்சம் கௌரவமாகத்தானே இருக்க வேண்டும்?

அப்படி வந்தவர்களில் நஞ்சம்மாவும் ஒருத்தி. தளிக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். மாமனார் காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலி. இவள் தலைமுறையில்தான் கம்பெனி வேலை. சிப்காட்டில் ஒயர் கட்டும் கம்பெனியில் ஷிப்ட் முடித்து, நீலக் கோட்டைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு நேராக மாடி ஏறி வருவாள். புருஷன் திம்மப்பன் வெல்டர். சொந்தமாக ஒரு வீடு கட்ட வேண்டும் என்று அரபு நாட்டுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. தபாலில் எழுதினால் அங்கே உறையைப் பிரித்துப் பார்த்து, திரும்ப ஒட்டி, ஆடி அசைந்து மூன்று வாரம் கழித்துத்தான் கொடுத்தார்கள். திம்மப்பன் இருந்த கேம்ப்பில் ஒரு கம்ப்யூட்டர் வைத்து, ஆளுக்கு ஒரு ஈமெயில் என்று கொடுத்த பிறகுதான் நஞ்சம்மாவுக்கு உயிர் வந்தது.

அவள் சொல்லும்போது டீச்சர் தலையைத் திருப்பாமல் திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அது ஒரு மரியாதை. புருஷனுக்குச் சொல்வதை மூன்றாம் மனுஷி கேட்கிறாள் என்கிற கூச்சம் வரக்கூடாது அல்லவா. காது கேட்கத்தான் செய்யும், அதை என்ன செய்வது? "ஊட்டுக்குக் கூரை போட்டாச்சு. ஆனா நீங்க இல்லாம குடி போறதுக்கு எனக்கு மனசே இல்ல" என்று நஞ்சம்மா சொன்னபோது டீச்சரின் விரல் ஒரு நொடி நின்றது. பிறகு 'வீட்டிற்குக் கூரை போட்டாகிவிட்டது. ஆனால் தாங்கள் இல்லாமல் குடிபுக எனக்கு மனமில்லை' என்று தட்டினாள். நன்றாக இருந்தது. அவளுக்கே பெருமையாக இருந்தது.

திம்மப்பனிடமிருந்து பதில்கள் வரும். அவனே ஒரு விரலால் தட்டுகிற பதில்கள். பேச்சுத் தமிழில், பிழை பிழையாக. டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்துக் காட்டுவாள். நாளாக ஆக, அதைக் கேட்கக் கேட்க நஞ்சம்மாவின் முகம் தொங்கிப் போகத் தொடங்கியது.

"மாடு கன்னு போட்டது கேட்டு சந்தோசம். மழ பெஞ்சது கேட்டு சந்தோசம். நீ தைரியமா இருக்கறது பாத்து எனக்கு நிம்மதி" என்று எழுதியிருந்தான். குடி போவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"நான் ஒண்ணு சொன்னா இவரு ஒண்ணு சொல்றாரு டீச்சர். போன வாட்டி காய்ச்சல்ல படுத்தேன், பாத்துக்க ஆளில்லன்னு எழுதினோமே? அதுக்கு எங்க பதிலு?"

"வரும்மா. ஆம்பளைங்க எல்லாத்துக்கும் பதில் எழுத மாட்டாங்க."

ஆம்பளைகளைப் பற்றி டீச்சருக்கு இருந்த அனுபவம் அவ்வளவுதான். அதற்கு அடுத்த பதிலை அவள் குரலைத் தாழ்த்தி வாசித்தாள். 'நீ நல்லா சமாளிக்கற. கம்பெனில இன்னும் மூணு வருசம் கையெழுத்து கேக்கறாங்க. மாசக் கடைசில போடணும். உனக்கு சம்மதம்தான்னு நெனக்கறேன். நீ ஒண்ணும் மறுத்து சொல்லலயே.'

நஞ்சம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "அழுது அழுது எழுதறேன். ஒண்ணும் மறுத்து சொல்லலயேன்னு எழுதறாரே. அந்தாளு நெஞ்சு என்ன கல்லா?" என்றவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுதுங்க டீச்சர்" என்றாள். "நீங்க சம்பாரிச்சது போதும். மூணு வருசம்லாம் வேணாம். ஆனா உங்களுக்கு அங்கதான் இஷ்டம்னா அதயாச்சும் நேராச் சொல்லிருங்க." டீச்சர் எழுதினாள். அனுப்பினாள். பதிலே வரவில்லை.

பதிலுக்குப் பதிலாக வந்தது சென்றாயன். ஜவளகிரிக்காரன், திம்மப்பன் கேம்ப்பில் கூட இருந்தவன், வேலை முடிந்து ஊர் திரும்பியிருந்தான். நஞ்சம்மாவைத் தேடிப் போகாமல் நேராக இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்தான். வந்தவன் உட்காரவில்லை. சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் வாசற்படியிலேயே நெளிந்தான்.

"டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. நஞ்சம்மாவுக்கு லெட்டரு அடிச்சுக் குடுக்கறது நீங்கதானுங்களா?"

"நான்தான். என்ன இப்போ?"

"அதுல... கெட்ட வார்த்த எழுதறீங்களாங்க?"

சரோஜம்மாளின் மூக்குக்கண்ணாடி இறங்கியது. அது இறங்கினால் எதிரில் நிற்பவருக்கு நல்ல காலம் இல்லை என்று அர்த்தம். 'மயிர்' என்கிற வார்த்தையைக்கூட 'முடி' என்று திருத்துகிறவள் அவள்.

சென்றாயன் பயந்துகொண்டே முழுக்கதையையும் சொன்னான். அங்கே கம்பெனிக் கம்ப்யூட்டர் எல்லோர் கடிதத்தையும் தானே படித்துப் பார்க்குமாம். ஆபாசம் இருந்தால் அமுக்கிக்கொள்ளுமாம். உள்ளே விட்ட கடிதங்களை மட்டும் அங்கேயிருக்கிற கிளார்க் காகிதத்தில் எடுத்துக் கொடுப்பானாம். அவன் தெற்கத்தித் தமிழன். கொடுப்பதற்கு முன் சாப்பாட்டு ஹாலில் நின்று நாலு வரி உரக்கப் படித்துக் காட்டுவது அவனுக்கு ஒரு பொழுதுபோக்கு. ஓசூரிலிருந்து திம்மப்பனுக்கு வரும் கடிதங்களை ஆபாசம் என்று மிஷின் திரும்பத் திரும்ப நிறுத்தியிருக்கிறது. ஆபீஸில் கூப்பிட்டு எச்சரித்துவிட்டார்கள். இன்னும் ஒன்று வந்தால் அவனுக்குக் கடிதமே கிடையாது.

"அவன் குன்னிப் போயிட்டாங்க. 'எம் பொண்டாட்டி பேருல எவனோ அசிங்கமா எழுதறான், அந்த எடத்துக்குப் போவாதன்னு அவ கிட்ட சொல்லு'ன்னு சொல்லி அனுப்பிச்சான். மாசக் கடைசில கையெழுத்து போடறான். அவளுக்கு அதான் இஷ்டம்னு நெனச்சுக்கினுக்கீறான்."

போன் பண்ணினால் கேம்ப்பில் வேலையாட்களைக் கூப்பிட்டுக் கொடுக்க மாட்டார்கள். தபாலில் போட்டால் மாசக் கடைசி தாண்டிவிடும். இருக்கிற ஒரே வழி இந்தக் கம்ப்யூட்டர்தான். அதிலும் இனி ஒரே ஒரு கடிதம்தான், அதில் பிசகக் கூடாது. சென்றாயன் இறங்கிப் போனதும் டீச்சர் வகுப்புக்கு வந்த பெண்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பினாள். இத்தனை வருஷத்தில் அவள்மேல் விழுந்த முதல் பழி, அதுவும் இப்படி ஒரு பழி.

நஞ்சம்மாவின் கடிதங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். மாடு கன்று போட்ட கடிதம் போய்ச் சேர்ந்திருக்கிறது. மழைக் கடிதம் சேர்ந்திருக்கிறது. ஊர்ப் பண்டிகைக் கடிதம் சேர்ந்திருக்கிறது. காய்ச்சல் கடிதம் சேரவில்லை. குடி போகிற கடிதம் சேரவில்லை. சேராதவற்றில் அப்படி என்ன ஆபாசம்? 'காய்ச்சல்' ஆபாசமா? 'மனமில்லை' ஆபாசமா? திரும்பத் திரும்பப் படித்துத் தலை சுற்றியது. அதன் பிறகுதான் உறைத்தது. அங்கே படிப்பது மிஷின். அதற்குத் தமிழ் தெரியாது. தமிழ் என்று நினைத்துத் தான் அனுப்பியதை எல்லாம் அது இங்கிலீஷ் என்று நினைத்துப் படித்திருக்கிறது!

பெண்களுக்குப் பாடம் எடுக்க வைத்திருந்த தலையணை மாதிரி தடித்த இங்கிலீஷ்-தமிழ் டிக்‌ஷனரியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தமிழ் வார்த்தைகளுக்குள் புகுந்து இங்கிலீஷ் வார்த்தைகளைத் தேடினாள். 'மனமில்லை'க்குள் ஒரு ஆள் இருந்தான். 'சம்பாதித்தது'க்குள் வௌவால் இருந்தது. அவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. கடைசியில், சேராத கடிதங்கள் எல்லாவற்றிலும் இருந்து, சேர்ந்த கடிதங்கள் எதிலும் இல்லாத ஒரு வார்த்தை அகப்பட்டது. ஏ, ஏ, என், ஏ, எல். ஆனால்.

முதல் ஏ-யை விரலால் மறைத்துவிட்டு மிச்ச நான்கு எழுத்தை டிக்‌ஷனரியில் பார்த்தாள். 'ஆசனவாய் சார்ந்த' என்று போட்டிருந்தது. சட்டென்று டிக்‌ஷனரியை மூடி, யாரும் பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தாள். அறையில் யாருமில்லை.

அந்த ஊரில் எல்லோரும் ஆபாசத்தை விட்டுவிட்டு ஒழுங்காக எழுத வேண்டும் என்று யாரோ புண்ணியவான் அந்த மிஷினுக்குச் சொல்லி வைத்திருக்கிறான். அது என்ன செய்திருக்கிறது? நஞ்சம்மாவின் நல்ல செய்திகளை மட்டும் உள்ளே விட்டிருக்கிறது. குறை சொல்லும் இடத்தில்தானே 'ஆனால்' வரும்? அவள் அழுதது, கோபித்தது, வா என்று கூப்பிட்டது எல்லாம் வாசலிலேயே நின்றுவிட்டது. இதில் டீச்சருக்கு நெஞ்சில் குத்தியது வேறொன்று. நஞ்சம்மா ஒருநாளும் 'ஆனால்' என்று சொல்லவில்லை. அவள் சொன்னது 'ஆனா'. அப்படியே விட்டிருந்தால் அத்தனையும் போய்ச் சேர்ந்திருக்கும். அந்த ஒரு எழுத்தைச் சேர்த்தது யார்? சரோஜம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகையாக வந்தது.

மறுநாள் ஷிப்ட் முடிந்து நஞ்சம்மா வந்ததும் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். தன் தப்பு என்பதையும் சொன்னாள். நஞ்சம்மாவுக்குப் பாதி புரிந்தது.

"ஆனால்ங்கறது இங்கிலீஷ்ல கெட்ட வார்த்தைங்களா? என்னா அர்த்தம்?"

டீச்சருக்கு முகம் சிவந்தது. "அது... உட்காருவோமே, அந்த இடம்."

"பெஞ்சா?"

"பெஞ்சு இல்லடி. பெஞ்சுல படுற இடம். அதுலயும் நடுவுல."

நஞ்சம்மா ஒரு நிமிஷம் விழித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. "அட என் சாமி! வருசம் முச்சூடும் எம் புருசனுக்கு அதயா எழுதி அனுப்பிச்சோம்?" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டீச்சருக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரிப்பு முடிகிற இடத்தில் நஞ்சம்மாவுக்கு அது அழுகையாகவே ஆகிவிட்டது. "அப்ப அவருக்கு ஒண்ணுமே தெரியாதுங்களா? நான் கூப்புட்டதே தெரியாதா?"

"தெரியாது. இப்போ தெரியவைப்போம்" என்று டீச்சர் கீபோர்டை இழுத்தாள். "'ஆனால்' வேண்டாம். 'ஆயினும்' என்று போடுவோம்."

"ஆயினும்னு நான் எப்போ பேசினேன்? எங்க ஊட்டுக்காரரு நம்பவே மாட்டாரு. ஏற்கெனவே எவனோ எழுதறான்னு நெனச்சுக்கினு இருக்காரு."

அது நியாயம். "சரி, நீ பேசற மாதிரியே 'ஆனா' என்று போடுகிறேன்." இதைச் சொல்ல அவள் எவ்வளவு பாடுபட்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

நஞ்சம்மா அதற்கும் தலையாட்டவில்லை. "அந்தக் கிளார்க்கு படிப்பானுங்களே. சோறு திங்கற எடத்துல நின்னு படிப்பானுங்களே. எம் புருசனுக்குச் சொல்றத அவன் எதுக்குக் கேக்கணும்?" கொஞ்சம் யோசித்தாள். குரல் தாழ்ந்தது. "டீச்சர், நாங்க ஊட்டுல பேசறது கன்னடமுங்க. அவருக்கு இஸ்கூல்ல தமிழுன்னு தமிழ்ல எழுதிக்கினு இருந்தோம். கன்னடத்துலயே போடலாங்களா? தெற்கத்தி ஆளுக்கு அது வெளங்காது."

சரோஜம்மாள் அவளையே பார்த்தாள். மூன்று பாஷை புழங்கும் ஊரில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தும் இது தன் மண்டையில் தோன்றவில்லையே என்று இருந்தது. கன்னடத்தில் 'ஆனால்' என்பதற்கு 'ஆதரெ'. அதை எந்த மிஷினும் மறிக்காது. எந்தக் கிளார்க்கும் படித்துச் சிரிக்க முடியாது.

"சொல்லு. நீ சொல்கிறபடியே அடிக்கிறேன். ஒன்றும் திருத்த மாட்டேன்."

நஞ்சம்மா கன்னடத்தில் சொன்னாள். டீச்சர் அதை அதே இங்கிலீஷ் எழுத்தில் அடித்தாள். தமிழில் புருஷனை 'நீங்க' என்று கூப்பிட்டவள் கன்னடத்தில் 'நீனு' என்றாள். குரலே மாறிப் போயிருந்தது. அவர்கள் வீட்டுக்குள் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று அன்றைக்குத்தான் டீச்சருக்குத் தெரிந்தது. வீடு ஆகிவிட்டது, ஆதரெ நீ இல்லாமல் நான் உள்ளே போக மாட்டேன், சம்பாதித்தது போதும், வா. இவ்வளவுதான் கடிதம். போக மாட்டேன் என்பதற்கு அவள் சொன்ன 'ஹோகல்ல'வைத் தட்டிவிட்டு டீச்சர் மறுபடி டிக்‌ஷனரியைப் புரட்டினாள். எச், ஓ, ஜி என்று முதல் மூன்று எழுத்தில் ஒரு பன்றி நின்றது. அரபு நாட்டில் பன்றி ஆகாதே, வம்பு எதற்கு? 'கால் வைக்க மாட்டேன்' என்று மாற்றினார்கள். அதற்குள் கெடுதலாக எதுவும் தென்படவில்லை.

கனெக்‌ஷன் கத்தி முடித்ததும் கடிதம் போனது. அதற்குப் பிறகு வந்த நாட்களில் டீச்சர் கண்ட நேரத்தில் எல்லாம் கனெக்‌ஷன் போட்டுப் பார்த்தாள். நஞ்சம்மா தினமும் வந்தாள். ஒன்றும் இல்லை என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க டீச்சருக்குத் தைரியம் வரவில்லை. மாசக் கடைசி வந்தது. அன்றைக்கு நஞ்சம்மா வேலைக்கே போகாமல் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் பதில் வந்தது. கன்னடத்தில் மூன்றே வரி. டீச்சர் வாசித்தாள். கையெழுத்துப் போடவில்லை. வருகிறேன். ஏன் நஞ்சி, இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை?

"சொல்லிக்கினேதான இருந்தேன்!" என்று கத்தினாள் நஞ்சம்மா. சந்தோஷமா கோபமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. டீச்சரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். யாரும் அப்படிச் சாய்ந்து பழக்கமில்லாத தோள் அது. டீச்சர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் திண்டாடினாள். பிறகு அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

திம்மப்பன் வந்து இறங்கிய வாரத்திலேயே அவனை இழுத்துக்கொண்டு நஞ்சம்மா மாடி ஏறினாள். கறுத்து மெலிந்த ஆள். டீச்சரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, இந்த இடத்தில் எவனோ அசிங்கமாக எழுதுகிறான் என்று நினைத்த வெட்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அந்த லெட்டருங்க எல்லாம் உங்ககிட்ட இருக்குதுங்களாம். எனக்கு வராததுங்க. பாக்கலாங்களா?" என்றான்.

சரோஜம்மாள் அவனை நாற்காலியில் உட்காரவைத்து, நஞ்சம்மாவின் கடிதங்களைத் திறந்து கொடுத்தாள். எந்தப் பொத்தானைத் தட்டினால் அடுத்தது வரும் என்று காட்டினாள். பிறகு இருவரையும் உள்ளே விட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து படியில் நின்றாள்.

கீழிருந்து சைக்கிள் கடை கோவிந்தப்பன் ஏறி வந்தான். தம்பிக்கு ஒரு மெயில் போட வேண்டும் என்றான்.

"கனெக்‌ஷன் இல்லை."

"உள்ள ஆளு இருக்கறாப்புல இருக்குதே டீச்சர்?"

"கனெக்‌ஷன் இல்லை என்று சொன்னேன் அல்லவா? நாளைக்கு வா" என்று குறுக்கே நின்றுகொண்டாள். வாழ்க்கையில் பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது. கோவிந்தப்பன் இறங்கிப் போனான்.

உள்ளே பொத்தான் தட்டும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. பிறகு ஒரு ஆண் பிள்ளை மூக்கை உறிஞ்சுவது கேட்டது. எழுந்துகொள்ளப் பார்த்திருப்பான் போலிருக்கிறது, நாற்காலி நகர்ந்தது.

"உக்காரு" என்றாள் நஞ்சம்மா கன்னடத்தில். "இன்னும் இருக்கு. படி."